அகராதியைக் கடைசியில் திறவுங்கள்: புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லை ஆராயும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ எந்த ஆராதனையில் உட்கார்ந்தாலும், "இந்த வார்த்தை மூல பாஷையில் என்னவென்றால்" என்ற வாக்கியம் அடிக்கடி காதில் விழும். பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது, கைப்பேசிச் செயலியில் ஓர் எண்ணைத் தட்டியதும் வந்து விழுந்த ஒரு வரி விளக்கம்தான். அந்த ஒரு வரி சில நேரம் சரி, சில நேரம் தவறு. எது எப்போது என்று பிரித்தறிய ஒரு முறை இருக்கிறது. கிரேக்க இலக்கணம் முழுவதையும் படித்து முடிக்காதவர்களும் அதைச் செய்யலாம். சில இடங்களில் மட்டும் வரும் சொல் என்றால் ஒரு மாலைப் பொழுது போதும். ஞாயிறு பள்ளி ஆசிரியர், வேதபாடக் குழு நடத்துபவர், பிரசங்கம் தயாரிப்பவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் எந்தக் கிரேக்கம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புதிய ஏற்பாடு எழுதப்பட்டது 'கொய்னே' எனப்படும் பொதுக் கிரேக்கத்தில். அலெக்சாண்டருக்குப் பிறகு கிழக்கு மத்தியதரைக் கடலோரமெங்கும் சந்தையிலும் துறைமுகத்திலும் புழங்கிய மொழி அது. நம் கரைக்கும் அது வந்திருக்கிறது. முதலாம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு இதே காலத்துக் கிரேக்கம்தான். அது சொல்லும் 'பொதுகே' துறைமுகம் அரிக்கமேட்டை ஒட்டிய புதுச்சேரிப் பகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டு மது ஜாடிகளின் துண்டுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தைத் தனியான ஒரு தெய்வ பாஷை என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரஸ் தாள்கள் குவியல் குவியலாக வெளிவந்தன. ரசீது, குத்தகைப் பத்திரம், குடும்பக் கடிதம், மனு எல்லாம் அதே மொழியில் இருந்தன. மத்தேயு 6:2இல் மாயக்காரரைப் பற்றி "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று வருகிறதல்லவா, அங்கே உள்ள 'அபெகோ' என்ற வினை, ரசீதுகளில் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதப் பயன்பட்ட சொல் என்று ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் டைஸ்மான் காட்டினார். கணக்கு தீர்ந்தது, இனி வர ஒன்றுமில்லை. 'தீர்ந்தது' என்று போட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதை அழகாகப் பிடித்திருக்கிறார்.

எழுத்தைக் கற்பது

கிரேக்க எழுத்துகள் 24. தினம் அரை மணி ஒதுக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் வாசிக்க வரும். இதைத் தவிர்த்துவிட்டுச் சொல்லாராய்ச்சியில் இறங்க வேண்டாம்.

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஆங்கில வழிக்காரர்கள் தடுமாறும் குறில் நெடில் வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 'எப்சிலான்' நம் எ, 'ஏட்டா' நம் ஏ. 'ஓமிக்ரான்' நம் ஒ, 'ஓமெகா' நம் ஓ. 'காமா' இரண்டு சேர்ந்து வந்தால் முதல் எழுத்து ங் ஆகிவிடும். தூதனைக் குறிக்கும் சொல் 'அங்கெலொஸ்' என்றே ஒலிக்கும். சொல்லின் முதல் உயிரெழுத்தின் மேல் சிறு காற்புள்ளி போன்ற குறி இருக்கும். அதன் வளைவு ஒரு பக்கம் பார்த்தால் 'ஹ' ஒலி சேரும், மறுபக்கம் பார்த்தால் சேராது. பாவத்தைக் குறிக்கும் 'ஹமர்த்தியா'வில் சேரும், அன்பைக் குறிக்கும் 'அகபே'யில் சேராது.

கண் ஏமாறும் இடங்களும் உண்டு. ஆங்கில வி போலத் தெரிவது 'நூ', அதாவது ந ஒலி. ஆங்கில பி போலத் தெரிவது 'ரோ', ர ஒலி. ஆங்கில எக்ஸ் போன்றது 'கி'. வாலுள்ள சிறிய என் போலத் தெரிவது ஏட்டா, அதாவது ஏ. 'சிக்மா'வுக்குச் சொல்லின் நடுவில் ஒரு வடிவம், இறுதியில் வேறு வடிவம். இந்த ஐந்தையும் முதல் நாளே பழகிவிட்டால் மீதி சுலபம்.

ஆனால் குறிப்பேட்டில் சொல்லைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைப்பது பெரிய பிழை. கிரேக்கத்தில் பை, பீட்டா, ஃபை மூன்றும் தனித்தனி எழுத்துகள்; நம் வழக்கில் மூன்றும் 'ப' ஆகிவிடும். தாவு, டெல்ட்டா, தீட்டா மூன்றும் 'த'வில் முடியும். பையில் தொடங்கும் 'பொனொஸ்' என்றால் வேதனை; ஃபையில் தொடங்கும் 'பொனொஸ்' என்றால் கொலை. ஆறு மாதம் கழித்துக் குறிப்பைத் திறந்தால் எது எது என்று தெரியாது. கிரேக்க எழுத்திலேயே எழுதுங்கள், பக்கத்தில் தமிழ் ஒலிப்பை வையுங்கள். உச்சரிப்பைப் பற்றிச் சண்டை வேண்டாம். கல்லூரிகளில் சொல்வது ஒரு மாதிரி, இன்றைய கிரேக்கர் சொல்வது வேறு மாதிரி. பொருள் அதனால் மாறாது.

எந்தச் சொல்லைத் தேடுவது

எல்லாச் சொல்லையும் தோண்டத் தேவையில்லை. தோண்ட வேண்டிய சொல்லைக் கண்டுபிடிக்கத் தமிழ் மொழிபெயர்ப்புகளே போதும். பகுதி முழுவதையும், ஒரு வசனத்தை மட்டுமல்ல, மூன்று மொழிபெயர்ப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சபைகளில் பரவலாக உள்ள பழைய திருப்புதல், 1995இல் வெளிவந்த திருவிவிலியம், எளிய நடையில் வந்துள்ள புதிய மொழிபெயர்ப்பு ஒன்று. கத்தோலிக்க வீட்டில் ஒன்றும் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன் வீட்டில் ஒன்றும் தயாராக இருக்கும். இரவல் வாங்கினால் போதும். 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மிஷனரி ஃபப்ரீசியஸ் செய்த பழைய மொழிபெயர்ப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. 1761இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது இங்கிருந்து எடுத்துப்போன அச்சுப்பொறிதான் வேப்பேரியில் ஃபப்ரீசியஸின் கைக்குச் சேர்ந்தது. இங்கே வாசிப்பவருக்கு அந்தப் புத்தகத்தோடு ஒரு உறவு உண்டு.

மூன்றும் ஒன்றுபோல் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வேறுபடும் இடத்தில் கோடு போடுங்கள். அது இரண்டு காரணத்தால் இருக்கும்: ஒன்று, சொல்லுக்குப் பல பொருள், மற்றது, மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொண்ட கிரேக்க மூலமே வேறு. இரண்டாவதை முதலில் சோதித்துவிட வேண்டும், இல்லையென்றால் உழைப்பு வீண்.

லூக்கா 2:14 நல்ல உதாரணம். பழைய திருப்புதலில் "மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக". திருவிவிலியத்தில் அவருக்கு உகந்தோருக்கு அமைதி. இது 'யூதொகியா' என்ற சொல்லின் பொருள் பற்றிய சண்டை இல்லை. அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு சிக்மா இருக்கிறதா இல்லையா என்பதுதான். பழமையான முக்கியக் கையெழுத்துப் படிகளில் சிக்மா இருக்கிறது, பிற்காலப் படிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. அகராதியை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை வராது. 1 யோவான் 5:7இல் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவர் பழைய திருப்புதலில் உண்டு, திருவிவிலியத்தில் இல்லை. அதுவும் இதே கதை. படிகளின் வேறுபாடுகளைக் காட்டும் நெஸ்லே–ஆலந்து கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 28ஆம் பதிப்பின் அடிக்குறிப்போ, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.பி.எல். கிரேக்கப் பதிப்போ பார்த்தால் மூலம் ஒன்றா என்று தெரிந்துவிடும்.

எண்ணைப் பிடிப்பது

மூலம் ஒன்றுதான் என்று உறுதியானதும், வரிக்கு வரி கிரேக்கமும் ஆங்கிலமும் அடுக்கிய பதிப்பைத் திறந்து, அந்த இடத்தின் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸில் உருவான 'ஸ்டெப் பைபிள்', 'பைபிள் ஹப்', 'ப்ளூ லெட்டர் பைபிள்' மூன்றும் இலவசம். இவற்றில் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதால் ஓரளவு ஆங்கிலம் வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த மூத்தவர்களுக்கு அனத்தோல் பாயியின் கிரேக்க–பிரெஞ்சு அகராதி கைகொடுக்கும். ஆனால் அது பழைய இலக்கியக் கிரேக்கத்துக்கு எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

சொல்லைத் தட்டினால் ஸ்ட்ராங் எண் வரும். 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட ஒத்துவாக்கியத்தின், அதாவது ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் அடுக்கித் தரும் நூலின், எண்கள் இவை. கிரேக்கத்துக்கு 1 முதல் 5624 வரை. எண் என்பது முகவரி மட்டும். அதற்குமேல் அதை நம்பக் கூடாத இரண்டு இடங்கள் உண்டு. ஸ்ட்ராங் அகராதியில் கோடு போட்டபின் வரும் சொற்பட்டியல் பொருள்கள் அல்ல. ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பெயர்த்தது என்ற பட்டியல். அதில் பிடித்த ஒன்றை எடுத்து "மூல பாஷையில் இதற்கு இந்த அர்த்தமும் உண்டு" என்று சொல்வதுதான் மேடைகளில் மிக அதிகம் நடக்கும் தவறு. இரண்டாவது, எண் சொல்லின் அடிப்படை வடிவத்துக்கு மட்டுமே. வசனத்தில் அது எந்தக் காலம், எந்த வேற்றுமை என்பதை எண் சொல்லாது. பக்கத்தில் உள்ள இலக்கணக் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

வினைச்சொற்கள் கிரேக்க அகராதியில் தன்மை ஒருமை நிகழ்கால வடிவில் இருக்கும். 'அகபாஓ' என்றால் 'நேசிக்கிறேன்'. வேற்றுமை ஐந்துதான், எட்டு வேற்றுமை படித்த நமக்குப் பயமில்லை. உடைமை வேற்றுமையின் மயக்கமும் நமக்குப் பழகியதே: 2 கொரிந்தியர் 5:14இல் "கிறிஸ்துவினுடைய அன்பு" என்றால் அவர் நம்மேல் வைத்ததா, நாம் அவர்மேல் வைத்ததா என்பது கிரேக்கத்திலும் சொல்லால் தெரியாது, தமிழிலும் தெரியாது.

எல்லா இடங்களையும் எழுதுங்கள்

வேலையின் இதயம் இதுதான். அகராதியைத் திறக்காமல், அந்த எண் வரும் எல்லா வசனங்களையும் எடுத்துத் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த இடத்தில் சொல் என்ன வேலை செய்கிறது என்று உங்கள் தமிழில் நாலைந்து சொல்லில் எழுதுங்கள். பிறகு ஒரே மாதிரியானவற்றை ஒன்றுசேருங்கள்.

யோவான் 3:3இன் 'அநோதென்' (எண் 509) பழகுவதற்கு ஏற்றது. "மறுபடியும் பிறவாவிட்டால்" என்ற இடத்தில் உள்ள 'மறுபடியும்' இதுதான். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 13 இடங்களில் வருகிறது. எழுதிப் பார்த்தால் இப்படிப் பிரியும். தேவாலயத் திரைச்சீலை மேல்தொடங்கிக் கிழிந்த இரண்டு இடங்கள் (மத்தேயு 27:51, மாற்கு 15:38), மேலே தொடங்கி நெய்த தையலில்லாத அங்கி (யோவான் 19:23): இவை மூன்றும் வெறும் 'மேலிருந்து'. பரத்திலிருந்து என்ற பொருளில் ஐந்து: யோவான் 3:31, 19:11, யாக்கோபு 1:17, 3:15, 3:17. 'ஆதிமுதல், நெடுநாளாய்' என்ற பொருளில் இரண்டு: லூக்கா 1:3, அப்போஸ்தலர் 26:5. 'மறுபடியும்' என்று உறுதியாக எடுக்க வேண்டியது கலாத்தியர் 4:9 ஒன்றே. அங்கும் 'மறுபடி' என்ற வேறொரு சொல் துணைக்கு நிற்கிறது. மிச்சம் நிற்பவை நமக்கு வேண்டிய யோவான் 3:3, 3:7.

இப்போது வரிசை முக்கியம். முதலில் அதே ஆசிரியர். யோவான் இந்தச் சொல்லை மற்ற மூன்று இடங்களில் மேலிருந்து என்றே பயன்படுத்துகிறார். அதில் ஒன்று இதே அதிகாரத்தின் 31ஆம் வசனம், பழைய திருப்புதலே அதை "உன்னதத்திலிருந்து" என்கிறது. பிறகு உரையாடலின் போக்கு. நிக்கொதேமு "இரண்டாந்தரம் பிரவேசித்து" என்று கேட்கும்போது வேறு சொல்லைப் போடுகிறார், அது இரண்டாம் முறை என்று மட்டுமே பொருள்படும். அதாவது இயேசு ஒரு பொருளில் சொல்கிறார், கேட்டவர் மற்றப் பொருளில் எடுத்துக்கொள்கிறார். நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண் ஜீவத்தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீராகவே எடுத்துக்கொள்கிற அதே பாணி. ஆகவே 'மேலிருந்து' என்பது முதன்மை, 'மறுபடியும்' என்பது சொல்லிலேயே ஒளிந்திருந்து நிக்கொதேமுவைத் தடுக்கிவிடும் நிழல். தமிழில் இரண்டையும் தாங்கும் ஒரே சொல் இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தார். அவர்மேல் குற்றமில்லை. இதுவரை எந்த அகராதியும் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குழுவாகச் செய்தால் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம்; நாலு பேர் தனித்தனியே எழுதிவிட்டு ஒப்பிட்டால், யார் தன் சொந்தக் கருத்தைத் திணித்தார் என்பது உடனே தெரிந்துவிடும்.

விசுவாசத்தைக் குறிக்கும் 'பிஸ்திஸ்' போன்ற சொல் 240க்கும் மேற்பட்ட இடங்களில் வரும். அதை முழுவதும் எழுதப் போனால் சலித்து விட்டுவிடுவீர்கள். அப்படிப்பட்ட சொல்லுக்கு அந்த ஒரு நிருபத்தோடு நிறுத்துங்கள், தேவைப்பட்டால் அதே ஆசிரியரின் மற்ற நிருபங்களுக்குப் போங்கள். மாறாக, மூன்று நாலு இடத்தில் மட்டும் வரும் சொல்லுக்கு வெளியே போயாக வேண்டும். முதலில் செப்துவஜின்ட், அதாவது கிறிஸ்துவுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் தொடங்கிய பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு. அப்போஸ்தலர்களின் வாயில் ஊறியிருந்த வேதம் அது. அதற்குப் பிறகுதான் பாப்பிரஸ் தாள்களும் மற்ற எழுத்துகளும்.

ரோமர் 3:25இன் 'ஹிலஸ்தேரியொன்' இப்படித்தான் திறக்கும். பழைய திருப்புதலில் அது "கிருபாதாரபலி". புதிய ஏற்பாட்டில் மற்றோர் இடத்தில் மட்டுமே வருகிறது, எபிரெயர் 9:5. அங்கே தமிழ் "கிருபாசனம்". செப்துவஜின்டில் உடன்படிக்கைப் பெட்டியின் மேலிருந்த அந்த மூடிக்கு இதே சொல்தான். பவுல் சொல்வதைக் கேட்ட யூதனுக்கு மகா பரிசுத்த ஸ்தலம் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. இன்னொன்றும் இங்கே தெரியவரும்: 1 யோவான் 2:2இலும் தமிழில் "கிருபாதாரபலி" என்றே இருக்கிறது, ஆனால் கிரேக்கத்தில் அது 'ஹிலஸ்மொஸ்', உறவுள்ள வேறு சொல். ஒரே தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் ஒரே கிரேக்கச் சொல் இருக்கும் என்று எண்ணித் தமிழ் ஒத்துவாக்கியத்தை வைத்து ஆராய்ந்தால் இப்படித்தான் வழி தப்பும்.

இப்போது அகராதி

உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கவே அகராதி. பி.டி.ஏ.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க–ஆங்கில அகராதியின் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு தரமானது, விலையும் அதிகம். இறையியல் கல்லூரி நூலகங்களில் இருக்கும். அதில் தடித்த நேரெழுத்தில் உள்ளது சொல்லின் விளக்கம், தடித்த சாய்வெழுத்தில் உள்ளது நிகர்ச்சொல். முதலில் விளக்கத்தைப் படியுங்கள். உங்கள் வசனம் அங்கே எந்தப் பொருளின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது தொகுப்பாளரின் தீர்ப்பு. உங்கள் தாளில் வலுவான காரணம் இருந்தால் மாறுபடலாம்.

1988இல் வந்த லூவ்–நைடா அகராதி வேறு வகை. சொற்களை அகரவரிசையில் வைக்காமல் 93 பொருட்களங்களாகப் பிரித்து வைக்கிறது. இந்தச் சொல்லுக்குப் பதில் ஆசிரியர் வேறெதை எழுதியிருக்கலாம் என்று பார்க்க இதுவே வசதி. செயலிகளில் இலவசமாகக் கிடைக்கும் தேயர் அகராதி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பாப்பிரஸ் வெளிச்சம் படாதது. வசனப் பட்டியலுக்கு அதைப் பார்க்கலாம், முடிவுக்கு அதை நம்ப வேண்டாம்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

1961இல் ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் இவற்றில் பலவற்றைப் பிட்டுப் பிட்டு வைத்தார். ஆனாலும் நம் ஊர் மேடைகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

சொல்லைப் பிளந்து பொருள் காண்பது முதலாவது. 'எக்லேசியா' என்பதை வெளியே, அழை என்று பிரித்து, சபை என்றால் உலகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவர்கள் என்பார்கள். எண்ணெய் என்பது எள்ளின் நெய்தான். அதற்காகத் தேங்காய் எண்ணெயில் எள் தேடுகிறோமா? அப்போஸ்தலர் 19இல் எபேசு பட்டணத்தில் தேவி பெயரைச் சொல்லிக் கூச்சலிட்ட கூட்டத்துக்கும் எக்லேசியா என்றே பெயர் (19:32, 41). சொல்லின் பொருள் கூடிய கூட்டம். விசுவாசிகள் பிரித்தெடுக்கப்பட்டவர்கள் என்ற போதனைக்கு வேறு வசனங்கள் தாராளமாக உள்ளன, அவற்றைக் காட்டுங்கள்.

பின்னால் வந்ததை முன்னால் திணிப்பது அடுத்தது. வல்லமையைக் குறிக்கும் 'துனமிஸ்' டைனமைட் ஆகிவிடும். ஆல்ஃபிரட் நோபல் 1867இல் தன் வெடிமருந்துக்குக் கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்தார். பவுலுக்கு வெடி தெரியாது. குறளில் 'வெறிநாற்றம்' என்று வருவதை இன்றைய நாற்றமாக எடுத்துக்கொள்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். இதுவும் அதுவே, திசைகூட வேறில்லை.

அன்பைப் பற்றிய அட்டவணைதான் மிகப் பரவலானது: அகபே என்றால் தெய்வீக அன்பு, 'ஃபிலெஓ' என்றால் நட்பு, என்று. வசனங்களை எழுதிப் பார்த்தால் அட்டவணை நிற்காது. தேமா இந்தப் பிரபஞ்சத்தின்மேல் வைத்த ஆசைக்கு அகபாஓ (2 தீமோத்தேயு 4:10). பரிசேயர் முதன்மையான ஆசனங்களை விரும்பியதற்கு அகபாஓ (லூக்கா 11:43). செப்துவஜின்டில் அம்னோன் தாமார்மேல் கொண்ட மோகத்துக்கே அகபே (2 சாமுவேல் 13:15). மறுபக்கம், பிதா குமாரனை நேசிப்பதற்கு யோவான் 3:35இல் அகபாஓ, 5:20இல் ஃபிலெஓ. யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் 'என்னை நேசிக்கிறாயா' என்று இருமுறை அகபாஓ என்ற சொல்லாலும் மூன்றாம் முறை ஃபிலெஓ என்ற சொல்லாலும் கேட்கிறார் என்பது உண்மை. ஆனால் அதே மூன்று வசனங்களில் ஆடுகளுக்கும், மேய்ப்பதற்கும், அறிவதற்கும்கூடச் சொல்லை மாற்றி மாற்றிப் போடுகிறார் யோவான். ஆட்டுக்குட்டிக்கும் ஆட்டுக்கும் தனித்தனி இறையியல் கட்டாதவர்கள் இதற்கு மட்டும் கட்டுவது நியாயமில்லை.

'லொகொஸ்' எழுதப்பட்ட வார்த்தை, 'ரேமா' தனிப்பட்ட முறையில் பேசும் வார்த்தை என்ற பிரிவினைக்கு 1 பேதுரு 1:23–25 போதும். அழியாத வித்தாகிய வசனம் லொகொஸ், என்றென்றைக்கும் நிற்கும் வசனம் ரேமா. பேதுரு ஒன்றையேதான் சொல்கிறார். இறந்தகால வடிவமான 'அயோரிஸ்ட்' வந்தால் ஒரே தடவை நடந்து முடிந்தது என்பார்கள். தேவாலயம் கட்ட நாற்பத்தாறு வருஷம் சென்றது என்ற யோவான் 2:20இல் அந்த வினை அயோரிஸ்ட்தான்.

எல்லாப் பொருளையும் ஓரிடத்தில் கொட்டுவது இன்னும் ஆபத்து. 'சார்க்ஸ்' என்பதற்கு உடல், மனித இனம், வம்சம், பாவ சுபாவம் என்று பல பொருள். ரோமர் 8:8இன் மாம்சத்தை யோவான் 1:14இன் "மாம்சமாகி" என்ற இடத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான், ஆசிரியர் வேண்டுமென்றே இரட்டுற மொழிந்தால் ஒழிய.

தமிழ் சேர்த்துத் தருபவை

ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது, நாமே கவனித்துக்கொள்ள வேண்டும். கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு இல்லை. மாற்கு 4:38இல் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள் சீஷர்கள். கிரேக்கத்தில் 'மடிகிறோம்' என்ற வினை மட்டுமே உள்ளது. படகு ஒன்றுதான், இயேசுவும் அதில்தான் இருக்கிறார். 'நாம்' என்றும் வந்திருக்கலாம். "நாங்கள் என்று சொல்லி இயேசுவைத் தங்களிடமிருந்து பிரித்துவிட்டார்கள்" என்று பிரசங்கித்தால், அது மாற்குவின்மேல் அல்ல, மொழிபெயர்ப்பாளரின் தேர்வின்மேல் கட்டிய பிரசங்கம்.

மரியாதையும் அப்படியே. நீ, நீர் இரண்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல். கிணற்றடியில் சமாரியப் பெண் 'நீர்' என்றும் இயேசு 'நீ' என்றும் பேசுவது தமிழ் தந்தது. ஒருவர் 'அவர்', இன்னொருவர் 'அவன்' என்பதும் தமிழ் தந்ததே. திருவிவிலியம் பல இடங்களில் இதை வேறுவிதமாகக் கையாள்வதைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் தெரியும்.

முடிவை எழுதி வைப்பது

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே கிரேக்கத்தில் சொல், தமிழ் ஒலிப்பு, எண். அடுத்து பிரித்து அடுக்கிய வசனங்கள். கீழே, ஆராயும் வசனத்தில் அதன் பொருள் ஒரே வாக்கியத்தில், காரணத்தோடு. மேடையில் சொல்ல வேண்டியது அந்தக் காரணம்தான். "31ஆம் வசனத்தில் இதே சொல் உன்னதத்திலிருந்து என்று வருகிறது" என்றால் கேட்பவர் தன் வேதாகமத்தைத் திறந்து சரிபார்க்கலாம். "கிரேக்கத்தில் அநோதென்" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலும் கிரேக்கச் சொல்லை உச்சரிக்கவே தேவைப்படாது.

இதற்குமேல் போக ஆசையுள்ளவர்கள் சொற்களை அடிக்கடி வரும் வரிசையில் கற்கலாம். புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 5,400 வெவ்வேறு சொற்கள் உள்ளன. 50 முறைக்குமேல் வரும் சுமார் 300 சொற்களே மொத்த வாசகத்தில் ஐந்தில் நான்கு பங்கு. முறையாகப் படிக்கச் சென்னை குருக்குல், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் கிரேக்கம் கற்பிக்கிறார்கள்.

எவ்வளவு செய்தும் முடிவு வராத சொற்களும் இருக்கும். கர்த்தருடைய ஜெபத்தில் ஆகாரத்துக்கு முன் வரும் 'எபியூசியொஸ்' மத்தேயு 6:11, லூக்கா 11:3 தவிர வேறெங்கும் புதிய ஏற்பாட்டில் இல்லை. கிரேக்கரே இதைப் பயன்படுத்தியதில்லை, நற்செய்தியாளர்களே உண்டாக்கியது போலிருக்கிறது என்று மூன்றாம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஒரிகன் எழுதினார். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. ஜெரோம் லத்தீனில் பெயர்த்தபோது மத்தேயுவில் ஒரு சொல்லும் லூக்காவில் வேறு சொல்லும் போட்டார். அன்றாடத்துக்குரிய, வரும் நாளுக்குரிய, உயிர் வாழ வேண்டிய என மூன்று பொருளுக்கும் வாதம் உண்டு. பழைய திருப்புதலின் "வேண்டிய ஆகாரம்" மூன்றாவதற்குப் பக்கத்தில் நிற்கிறது. இப்படிப்பட்ட பக்கத்தில் மூன்றையும் காரணத்தோடு எழுதி, கீழே 'முடிவாகவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.